தவளையின் கண்ணை விடுங்கள், அடிவயிற்றைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. அவள் வளர்க்கும் பச்சை மரத்தவளையின் இடது கண் நான்கு நாளாகப் பால் படர்ந்ததுபோல் இருக்கிறது. பகல் முழுக்கக் கண்ணை மூடிக் கிடக்கிறது. நிறம் பழுப்பாகிவிட்டது. தோல் உரிகிறது, உரிந்ததைத் தானே தின்கிறது. விழுங்கும்போது கண் உள்ளே போய்விடுகிறது. இணையத்தில் தேடினால் கைட்ரிட் பூஞ்சை என்கிறார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு என் மாமனாருக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதி இருந்தது. இரண்டு நாளாக அதை விடுகிறோம். இதற்கிடையே மகளுக்கும் கண் சிவந்துவிட்டது. தவளையைத் தொட்ட கையாலேயே கண்ணைக் கசக்குவாள். அவள் பார்வைக்கு ஏதாவது ஆகிவிடுமா?
– வாசகி, சிட்னி

பதில்: தவளையால் உங்கள் மகளின் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை எழுதியிருந்தாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரிதான் என்று தெரிகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் ‘மெட்ராஸ் ஐ’ பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸால் வருவது. வகுப்பில் யாருக்காவது கண் சிவந்திருந்ததா என்று மகளிடம் கேளுங்கள், பெயரோடு சொல்வாள். தவளையின் தோல் சுரப்பு கண்ணில் பட்டால் எரிச்சல் வரும். தண்ணீரில் நன்றாகக் கழுவினால் அடங்கும். தவளையிடமிருந்து பிள்ளைகளுக்கு வரக்கூடியது சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. அது போகும் வழி வாய், தாக்கும் இடம் குடல். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், முத்தம் கொடுக்க விடாதீர்கள். கண்ணில் வலியோ, வெளிச்சக் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் அன்றே குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள். நான் விலங்கு மருத்துவன். பிள்ளைகளைப் பற்றி இதற்கு மேல் பேசக் கூடாது.

இனி அந்தச் சொட்டு மருந்து. புட்டியைக் கையில் எடுத்து, சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கண்புரை அறுவைக்குப் பிறகு வீக்கம் தணிய அதைத்தான் கொடுப்பார்கள். உங்கள் மாமனாருக்கு அது சரியான மருந்து. கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கும் தவளைக்கு அதைவிடக் கெட்ட மருந்து இல்லை. புண் ஆறுவதைத் தடுக்கும், கிருமியை எதிர்க்கும் சக்தியை அந்த இடத்தில் முடக்கும். கண் சிவப்பு குறைந்து பார்வைக்குத் தெளிவானதுபோல் தெரியும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும். இன்றே நிறுத்துங்கள். இரண்டே நாள்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை.

மருந்து சரியானதாகவே இருந்தாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. மனிதருக்கான புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டரில் இருபதில் ஒரு பங்கு. மாமனார் 60 கிலோ என்றால், தவளை 40 கிராம் இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு மடங்கு சிறிய உடம்புக்கு அதே சொட்டு! அதுவும் கண்ணோடு நிற்காது. வழிந்து தலை, முதுகு எல்லாம் பரவும். தவளை தோலால் தண்ணீர் குடிக்கும் பிராணி, மருந்தையும் அப்படியே குடிக்கும். வலி குறைக்கிறேன் என்று பல்வலிக் களிம்பைத் தடவிக் கொண்டுவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதில் இருந்தது பென்சோகெய்ன். பிழைக்க வழியில்லாத தவளையை வலியின்றி முடித்துவைக்க நாங்கள் தோலில் தடவும் மருந்து அதுதான். அவர் கொண்டுவந்த பெட்டியை நான் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஒரு கண் மட்டும் மங்குவது பெரும்பாலும் அடிபட்டதால். கண்ணாடியில் மோதியிருக்கும், மரக்கிளை குத்தியிருக்கும், அல்லது இரைக்காகப் போட்ட சுவர்க்கோழிப் பூச்சிகள் கடித்திருக்கும். தின்னாமல் மிச்சமான பூச்சிகளை இரவு முழுக்கத் தொட்டியிலேயே விட்டுவைப்பவர்கள் பலர். அந்தப் பூச்சிகளுக்கும் பசிக்கும். இந்த வகைக் கீறல் நேரத்தோடு பார்த்தால் ஆறிவிடும். பயப்பட வேண்டியது வேறொன்று: கண்ணில் தெரிவது கண்ணின் நோயாக இல்லாமல், இரத்தத்தில் ஏறிவிட்ட தொற்றின் வெளித்தோற்றமாக இருப்பது.

அதைக் கண்டுபிடிக்க இன்று இரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தவளையை மல்லாத்த வேண்டாம். அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி, கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரோக்கியமான மரத்தவளையின் வயிறு பால் வெள்ளையாக இருக்கும். அங்கே ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகளோ, தொடையின் உட்பக்கம் நோக்கி ஓடும் சிவப்புக் கோடுகளோ இருக்கின்றனவா? சில தவளைகளுக்குத் தொடையின் பின்பக்கம் இயல்பாகவே செம்பழுப்பாக இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய புகைப்படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் கண் மீது காட்டுங்கள். மங்கல் மேற்பரப்பில் இருக்கிறதா, அல்லது உள்ளே, கண்ணின் அடியில் பிறைபோல வெள்ளை தேங்கி நிற்கிறதா? தேங்கி நிற்பது சீழாக இருக்கலாம்.

வயிற்றில் புதுச் சிவப்பு, அல்லது அந்த வெள்ளைப் பிறை, அல்லது வலது கண்ணும் சேர்ந்து மங்குவது – இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரைக்குத் திரும்பாமல், இரவிலும் மேலே ஏறாமல் தரையில் கிடந்தால் அவசரம் இன்னும் அதிகம். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இரத்தத்தில் ஏறினால் வரும் இந்த நிலையை ‘செங்கால்’ என்பார்கள். ஓரிரு நாளில் தவளையை முடித்துவிடும். கண் சொட்டு அதைத் தொடக்கூடத் தொடாது. ஊசியோ வாய்வழி மருந்தோ வேண்டும், அதுவும் எடை பார்த்து.

அந்த அடையாளங்கள் எதுவும் இல்லை என்றால் ஓரிரு நாளில் காட்டினால் போதும். பறவை, ஊர்வன, தவளை பார்ப்பவராகத் தேடுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர் உங்களைவிட அதிகமாகப் பயப்படுவார். கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு துளி விட்டு, நீல விளக்கில் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அதைப் பார்த்த பிறகே எந்தச் சொட்டு, எத்தனை நாள் என்று சொல்ல முடியும். பார்மசியில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் குளோராம்பெனிகால் என்ற பாக்டீரியாக் கொல்லிச் சொட்டு மாமனாரின் மருந்தைவிட எவ்வளவோ மேல்தான். ஆனாலும் சாயம் விட்டுப் பார்ப்பதற்கு முன் அதையும் நீங்களாக விட வேண்டாம்.

நியூ சவுத் வேல்ஸில் இந்தத் தவளையை வளர்க்க உரிமம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உரிமம் இல்லாதவர்கள் மருத்துவரிடம் வரப் பயந்து, தவளை செத்த பிறகு இணையத்தில் புலம்புகிறார்கள். நீங்கள் அந்த வகையில்லை என்று நம்புகிறேன்.

மற்றவை எல்லாம் ஒன்றுமில்லை. இது இரவுப் பிராணி, பகலில் கண் மூடித் தூங்கத்தான் செய்யும். தோலை உரித்துத் தின்பது அதன் வழக்கம். விழுங்கும்போது கண் உள்ளே போவது, கண்விழியாலேயே இரையைத் தொண்டைக்குத் தள்ளுவதற்காக. பெரும்பாலான தவளைகள் அப்படித்தான். குளிரிலும் இருட்டிலும் பச்சை பழுப்பாவதும் சகஜம். இதன் அறிவியல் பெயரில் இருக்கும் ‘செருலியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு நீலம் என்று பொருள். 1790இல் பெயர் சூட்டியபோது, இங்கிலாந்துக்குப் போன உடல் பதனத் திரவத்தில் கிடந்து நீலமாகிவிட்டிருந்ததாம். செத்த பிறகும் நிறத்தால் ஆளை ஏமாற்றிய இனம் இது, உயிரோடு இருக்கும்போது கொஞ்சம் பழுப்பானால் என்ன? கைட்ரிட் பயங்கரமான பூஞ்சைதான், ஆஸ்திரேலியத் தவளைகளைச் சூறையாடியதுதான். ஆனால் அது தோலைத் தாக்கும், ஒற்றைக் கண்ணை வெள்ளையாக்காது. உங்களுக்கு நிம்மதி வேண்டுமென்றால் மருத்துவர் பஞ்சுக் குச்சியால் தோலைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்புவார்.

போகும் வரை தொட்டியில் மண், இலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஈரமான காகிதத் துண்டு விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கலக்கும் குளோரமின் போகாது. எது கலக்கிறார்கள் என்று உங்கள் பகுதிக் குடிநீர் வாரியத்திடம் கேளுங்கள். குளோரமின் என்றால் வளர்ப்பு மீன் கடையில் விற்கும் நீர்ச் சீரமைப்பானில் அதையும் நீக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். உப்பு, தேன், மஞ்சள் எதுவும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூவும் வேண்டாம். ஊரிலிருந்து யாராவது போனில் சொல்லியிருப்பார்கள்.

மருத்துவரிடம் போகும்போது காற்றுத் துளை போட்ட டப்பாவில் ஈரக் காகிதத்தோடு தவளையையும், ஒரு சின்னப் புட்டியில் பழைய தொட்டித் தண்ணீரையும், மாமனாரின் சொட்டு மருந்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு நாளில் எத்தனை முறை விட்டீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியாமல் போனால் மகளிடம் மறைக்க வேண்டாம். ஒற்றைக் கண்ணோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்ந்த தவளைகளைப் பார்த்திருக்கிறேன். முனை மழுங்கிய இடுக்கியில் பூச்சியைப் பிடித்து, நல்ல கண் இருக்கும் பக்கம் மெல்ல ஆட்டினால் போதும், லபக்கென்று பிடித்துக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிற வேலைதான் அது.