மூன்றே பேரிடம் இருந்தால்?

1000 நோயாளிகள், நோயில்லாதவர்கள் 1000. ஒரு அரிய மரபணு மாற்றம் மூன்று பேரிடம் மட்டும், மூவருமே நோயாளிகள். பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி அமைய உள்ள வாய்ப்பு) ஏன் தேறவில்லை? (ஆராய்ச்சி மாணவி, மன்னார்குடி)

தேறாதும்மா. பூவா தலையா போட்டால் மூன்று தடவையும் தலை விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் மூவர் கணக்கும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு மாற்றமாகச் சோதிக்கும்போது வழக்கமாகக் கேட்கும் வரம்போ இரண்டு கோடியில் ஒன்று.

ஆகவே ஒரே மரபணுவில் உள்ள அரிய மாற்றங்களை எல்லாம் மரபணு வாரியாகத் திரட்டுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம் ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் ஆகாயத்தாமரை, இன்னோரிடத்தில் கரை உடைப்பு, வேறோரிடத்தில் தூர்ந்த மதகு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு இடத்தில்தான். வாய்க்கால் முழுக்க மொத்தம் எத்தனை என்று எண்ணினால்தான் சங்கதி புரியும். பர்டன் (burden, சுமை) சோதனை செய்வது இதைத்தான். மரபணுக்கள் சுமார் 20,000 தான், சோதனைகள் குறைவு என்பதால் வரம்பும் நான்கு லட்சத்தில் ஒன்றாகத் தளரும். ஆனால் எல்லா மாற்றத்தையும் அள்ளிப் போடாதீர்கள்; புரதத்தைக் கெடுப்பவை மட்டும் போதும்.

பர்டன் சோதனையா, ஸ்காட் (SKAT) சோதனையா? (கும்பகோணம்)

எல்லா மாற்றமும் ஒரே திசையில் இழுக்கும் என்றால் பர்டன். பிசிஎஸ்கே9 மரபணுவைப் பாருங்கள்: 2003-இல் கொழுப்பை ஏற்றும் மாற்றங்கள் தெரிந்தன, 2005-இல் அதே மரபணுவில் குறைப்பவை. ஒருவர் மதகை அடைக்க, இன்னொருவர் தூக்கிவிட, கூட்டினால் பூஜ்யம். 2011-இல் வந்த ஸ்காட், கூட்டாமல் விளைவுகளின் சிதறலைப் பார்க்கும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இரண்டையும் கலக்கும் ஸ்காட்-ஓ. நான் பெரும்பாலும் அதில்தான் தொடங்குவேன்.

மாதிரிகளில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நிறைய. நீக்கிவிடவா? (மருத்துவர், திருத்துறைப்பூண்டி)

வேண்டாம் டாக்டர். யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்ற அட்டவணையையும் (உறவு அணி) கணக்கில் சேர்க்கும் 'கலப்பு மாதிரி' (mixed model) முறையில் ஓட்டுங்கள். சொந்தத்தில் கல்யாணம் நடப்பதால், அப்பா வழி, அம்மா வழி என மரபணுவின் இரு பிரதியிலும் மாற்றமுள்ளவர்கள் நம்மிடம் அதிகம் கிடைப்பார்கள். அவர்களைத் தனியாகவும் பாருங்கள். வெளிநாட்டுத் தரவுத்தளத்தை நம்பி 'அரிது' என்றும் முடிவு கட்டாதீர்கள். இதயத்தசை மரபணு எம்ஒய்பிபிசி3-இல் 25 எழுத்து விடுபடும் மாற்றம் ஐரோப்பியரிடம் அனேகமாகவே இல்லை. இந்தியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் உண்டு.

பிரமாதமான பி-மதிப்பு வந்துவிட்டது. கட்டுரை எழுதலாமா? (தஞ்சாவூர்)

முதலில் புரதத்தை மாற்றாத மாற்றங்களை மட்டும் வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். அதிலும் 'பிரமாதம்' வந்தால் கோளாறு தரவில். நானும் ஒரு தடவை ஒரு வாரம் துள்ளிக் குதித்தேன். நோயாளி மாதிரிகளின் மரபணு எழுத்துகளை ஓர் ஆய்வகமும், மற்றவற்றை வேறோர் ஆய்வகமும் படித்திருந்தன; வித்தியாசம் அதில்தான், நோயில் இல்லை.