சிறுகோள் பட்டையில் வியாழன் விட்ட இடைவெளிகள்

கேள்வி (தோ பாயோவிலிருந்து): செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் நிறைந்திருந்தும், சில தூரங்களில் மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

வியாழன்தான் காரணம். உங்கள் விளையாட்டரங்கில் நீங்கள் மூன்று சுற்று ஓடும் நேரத்தில் ஒரு பெரியவர் ஒரு சுற்று நடக்கிறார். நீங்கள் அவரைக் கடப்பது எப்போதும் அதே இரண்டு இடங்களில்தான். கடக்கும்போதெல்லாம் அவர் உங்கள் சட்டையை லேசாக இழுத்தால் என்ன ஆகும்? கடக்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இடம் மாறாததால் சேர்ந்துகொண்டே போகும். இதுதான் ஒத்திசைவு.

சூரியனிலிருந்து 2.5 வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் இரண்டரை மடங்கில்) உள்ள சிறுகோளுக்கு ஒரு சுற்று 3.95 ஆண்டு, வியாழனுக்கு 11.86. மூன்றுக்கு ஒன்று! நூறு சிறுகோள்கூடத் தெரியாத 1866லேயே அமெரிக்க வானியலாளர் டேனியல் கிர்க்வுட் இதைக் கண்டு சொன்னார். எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: அங்கே போன சிறுகோள் என்ன ஆகும்?

பாதையின் வடிவம் நீளும். 1982ல் ஜேக் விஸ்டம் என்ற ஆய்வாளர் கணினியில் பார்த்தபோது, நெடுங்காலம் அமைதியாகச் சுற்றிய பாதை திடீரென நீண்டு செவ்வாயின் பாதையை எட்டியது. அதன்பின் கோள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பல சூரியனிலேயே விழுகின்றன. சில பூமிக்கு அருகே வருகின்றன.

கேள்வி: அப்படியானால் அங்கே போகும் சிறுகோள்கள் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே?

பகலெல்லாம் வெயில் குடித்த வீவக அடுக்குமாடிச் சுவரை இரவு எட்டு மணிக்குத் தொட்டுப் பாருங்கள், இன்னும் சுடும். சுழலும் சிறுகோளும் அப்படித்தான்: வாங்கிய வெப்பத்தைச் சற்றுத் தாமதமாக, வேறு திசையில் விடுகிறது. அந்த நுண்ணிய தள்ளல் பல கோடி ஆண்டுகளில் புதிய கற்களை இடைவெளிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. இதன் பெயர் யார்கோவ்ஸ்கி விளைவு.

கேள்வி: ஒத்திசைவு என்றாலே ஆபத்தா?

இல்லை. ஹில்டா என்ற சிறுகோள் கூட்டம் மூன்றுக்கு இரண்டில் (வியாழன் இரண்டு சுற்று சுற்றும் நேரத்தில் இவை மூன்று) பத்திரமாக இருக்கிறது. அவை சூரியனைவிட்டு மிக விலகி நிற்கும் நேரத்தில் வியாழன் அருகில் இருப்பதில்லை.

கேள்வி (உயர்நிலை மாணவி): விண்கலம் போனால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாதும்மா. நல்ல கேள்வி. பாதைகள் நீள்வட்டம் என்பதால் 2.5 அலகு தூரத்தையும் சிறுகோள்கள் எந்நேரமும் கடந்துகொண்டுதான் இருக்கும். சராசரித் தூரமே 2.5 என்று அமைந்த பாதைகள்தான் அரிது. ஒவ்வொன்றின் சராசரித் தூரத்தையும் வரைபடத்தாளில் குறித்துப் பார், பள்ளம் தானாகத் தெரியும்.