ஜாபிக்ஸ் 5.0இலிருந்து 7.0க்கு நேராகத் தாவலாமா, 6.0இல் நின்று போக வேண்டுமா?

கணினிகளையும் நெட்வொர்க் சாதனங்களையும் கண்காணிக்கும் மென்பொருளான ஜாபிக்ஸின் 5.0 சர்வர் ஒன்று நடுவிலும், கிளையின் தரவைச் சேகரித்துச் சர்வருக்கு அனுப்பும் பிராக்சி முப்பதுக்கு மேற்பட்ட கிளைகளில் கிளைக்கொன்றாகவும் இருப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நேராக 7.0க்குப் போக முடியும், 2.0 காலத்துத் தரவுத்தளத்தைக்கூடப் புதிய சர்வர் முதன்முறை இயங்கும்போது தானே மாற்றிக்கொள்ளும். ஆயினும், ஏறக்குறைய இதே அளவுள்ள அமைப்பு ஒன்றை மாற்றியவன் என்ற முறையில், 6.0இல் சில வாரங்கள் தங்கிப் போகுமாறே சொல்வேன்.

பழைய பழக்கங்கள் சிலவற்றை 6.0 இன்னும் பொறுத்துக்கொள்ளும் என்பதே காரணம். பிற நிரல்கள் ஜாபிக்ஸோடு பேசும் ஏபிஐ வழியாக உள்நுழையும்போது ‘யூசர்’ என்று அனுப்பிவந்த புலத்தின் பெயர் 5.4இல் ‘யூசர்நேம்’ ஆனது, 6.0 இரண்டையும் ஏற்கும், 6.4 முதல் பழையது செல்லாது. டிக்கெட் போடுவது, மாதாந்திர அறிக்கை எடுப்பது என்று எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் பல, எழுதியவர் வேலையை விட்டுப் போனபின் யாரும் திறந்துகூடப் பார்க்காதவை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த அந்த வாரங்கள்தாம் உதவின. எப்போது எச்சரிக்க வேண்டும் என்று சொல்லும் நிபந்தனையான டிரிகர் விஷயத்தில் மட்டும் சலுகை இல்லை. முன்பு சாதனத்தின் பெயரும், ஐட்டத்தின் (கண்காணிக்கும் ஒவ்வோர் அளவின்) அடையாளப் பெயரான கீயும் முதலில் வந்து ஃபங்ஷன் கடைசியில் நிற்கும், 5.4 முதல் ஃபங்ஷன் முன்னால் வந்து, பெயரும் கீயும் சாய்கோடுகளோடு அதன் அடைப்புக்குறிக்குள் போய்விட்டன. இருக்கும் டிரிகர்களை மேம்படுத்தலே மாற்றிவிடும். புதிதாக டிரிகர் உருவாக்கும் ஸ்கிரிப்டை நீங்கள்தாம் மாற்ற வேண்டும்.

பிராக்சிகளில்தான் நான் சறுக்கினேன். 6.0 சர்வரோடு 5.0 பிராக்சி பேசாது என்பதால், 5.0இலிருந்து 6.0க்குப் போகும் முதல் கட்டத்தில் சர்வரையும் எல்லாப் பிராக்சிகளையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு அப்படிச் செய்தபோது இரண்டு சிறு கிளைகள் விடுபட்டுவிட்டன. ஞாயிறன்று அவற்றில் ஒன்றின் இணைப்பு அறுந்தும், திங்கள் காலை வரை திரையில் சிவப்பே இல்லை. தரவு வராவிட்டால் எச்சரிக்க வேண்டிய ‘நோடேட்டா’ டிரிகர்கள், பிராக்சியே தொடர்பில் இல்லையென்றால் 5.0 முதல் இயல்பாகவே அமைதி காக்கும். ஆயிரம் பொய் அலாரங்களைத் தவிர்க்கச் செய்த நல்ல ஏற்பாடுதான், எங்களுக்கு அது வினையாயிற்று. ஆகவே எந்த மென்பொருள் பொதியைத் தொடுவதற்கும் முன்னால், ஒவ்வொரு பிராக்சியும் கடைசியாகச் சர்வரைத் தொட்ட நேரத்தைச் சொல்லும் ‘லாஸ்ட்அக்சஸ்’ ஐட்டத்தை வைத்து, ஐந்து நிமிடம் தாண்டினால் கூவும் டிரிகர் ஒன்றைத் தனியே போட்டுவையுங்கள். பிராக்சி, ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் ஓடினால் அந்தக் கோப்பு மேம்படாது, புதிதாகவே உருவாகும் என்பதால், அனுப்பாமல் தேங்கிய தரவு போய்விடும்.

தரவுத்தளத்தின் நகலில் ஒத்திகை பார்க்காமல் இறங்கவே வேண்டாம். எங்கள் ஒத்திகையில், சூப்பர் (முழு நிர்வாக) உரிமை இல்லை, மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் இயங்குகிறது என்று சொல்லித் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் பாதி வழியில் நின்றது. ‘லாக் பின் டிரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ்’ என்ற அமைப்பை 1 ஆக்கிய பிறகே ஜாபிக்ஸ் சர்வரின் லாகில் மேம்படுத்தலின் சதவீதம் மீண்டும் ஏறத் தொடங்கியது. அசல் சர்வரில் அப்படி நின்றிருந்தால், பழைய பதிப்புக்கு இறங்க வழியே கிடையாது, பேக்கப்பை மீட்பது ஒன்றே கதி. சேகரித்த அளவீடுகளை வைத்திருக்கும் ஹிஸ்டரி அட்டவணைகளுக்கு 6.0 கொண்டுவந்த, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ தானாக வராது. மணிக்கணக்கில் பிடிக்கும் அந்த வேலையை மேம்படுத்தும் இரவில் சேர்க்காமல் வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள்.

6.0இலிருந்து 7.0க்குப் போகும் இரண்டாம் கட்டம் இவ்வளவு கெடுபிடியானது அல்ல. உலாவியில் திறக்கும் முகப்புக்கு பிஎச்பி நிரல்மொழியின் 8.0 பதிப்பாவது வேண்டும் என்பதால் இயங்குதளத்தை முன்பே மாற்றியிருக்க வேண்டும், மற்றபடி 7.0 சர்வர் 6.0 பிராக்சிகளிடமிருந்து தரவைத் தொடர்ந்து வாங்கிக்கொள்வதால், கிளைகளை வாரத்துக்கு ஐந்தாறாக மாற்றலாம். அதுவரை பழைய பிராக்சிகளுக்குப் புதிய அமைப்புகள் போய்ச்சேரா என்பதால், அந்தக் கிளைகளில் புதுச் சாதனம் எதையும் சேர்க்க வேண்டாம். சர்வர் நின்றிருக்கும் நேரத்தில் பிராக்சி தரவைச் சேமித்துவைக்கும் ‘பிராக்சி ஆஃப்லைன் பஃபர்’ இயல்பாக 1 மணி நேரம்தான். அதை முதல் நாளே 24 ஆக்கிவிடுங்கள்.