மக்களாட்சி அரசுகள் நீண்ட காலம் நிலைக்குமா? வரலாறு என்ன சொல்கிறது?

கேள்வி கேட்டவர் ஏதென்ஸ், ரோம், ஜெர்மனி என்று மூன்று பெயரைப் போட்டு, "கடைசியில் எல்லாம் விழத்தானே செய்தது?" என்று முடித்திருக்கிறார். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் துண்டறிக்கை அடிப்பேன், முன்பணம் வாங்கிக்கொண்டுதான். வரலாற்றை ராத்திரியில் படிப்பதோடு சரி. ஆனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சமாவது புரிந்தது எங்கள் கோயில் சாவி விவகாரத்தில்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

கோயில் முன்பு தோட்டத்துக்குள் இருந்தது. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் அழித்துத் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) கட்டியபோது கோயில் ரோட்டோரம் வந்தது. அதிலிருந்து 19 வருஷம் ஒருவரே தலைவர். ஆண்டுக் கூட்டம் என்றால் தேநீர், மிக்சர், "பழைய நிர்வாகமே தொடரட்டும்" என்று ஒரு குரல், கைதட்டல், அவ்வளவுதான். ஒரு வருஷம் இளைஞர்கள் சீட்டு எழுதித்தான் ஓட்டு என்று பிடிவாதம் பிடித்தார்கள். சீட்டு 150, நான்தான் அடித்துக் கொடுத்தேன். எண்ணினால் 71க்கு 58. தலைவர் தோற்றார். செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். உண்டியல் சாவி, நகை அலமாரிச் சாவி, மடைப்பள்ளிச் சாவி எல்லாம் அந்தக் கொத்தில். ஆறு வாரம் இந்தக் கூத்து. விடியற்காலையில் பூசாரி அவர் வீட்டு வாசலில் நின்று சாவி வாங்கி வந்து நடை திறப்பார். ராத்திரி கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார். கணக்கில் ஓட்டை இருக்கிறது, போலீசில் புகார் கொடுப்போம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் குதித்தோம். நானும்தான்.

தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "தம்பி, அவன் ஏன் சாவியக் குடுக்கலன்னு நெனைக்கிற? ஆசையிலயா, பயத்துலயா? குடுக்க நீட்டுன கையில வெலங்கு மாட்டுனா அடுத்தவன் எவன் நீட்டுவான்? சாவியக் குடு, கணக்கக் காட்டு, கொறஞ்சதக் கட்டு, அப்புறம் நீயும் வரிசையில நின்னு சாமி கும்புடுன்னு சொல்லிப் பாரு."

அன்று ராத்திரி ஏதென்ஸை எடுத்துப் படித்தேன். கி.மு. 404-ல் போரில் தோற்ற ஏதென்ஸை 30 பேர் கொண்ட கும்பல் பிடித்துக்கொண்டது. எட்டு மாதத்தில் சுமார் 1,500 பேரைக் கொன்றதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு மக்களாட்சிக்காரர்கள் சண்டை போட்டுத் திரும்பி வந்தார்கள். பழி தீர்க்கக் காரணம் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனாலும் நடந்ததைக் கிளறமாட்டோம் என்று ஊரே சத்தியம் செய்தது. அந்த 30 பேருக்கும் அவர்களுடைய அதிகாரிகள் சிலருக்கும் மட்டும் இந்த மன்னிப்பு இல்லை. அவர்களுக்கும் ஒரு வழி வைத்தார்கள்: பதவிக்காலக் கணக்கைப் பொதுவில் ஒப்படைத்து விசாரணைக்கு நின்றால் ஊரில் இருக்கலாம். மண்டோர் தாத்தா சொன்னதும் இதுதானே! அதற்குப் பிறகு அங்கே மக்களாட்சி இன்னும் 81 ஆண்டு நின்றது. கி.மு. 322-ல் அதை முடித்தது வெளியிலிருந்து வந்த மாசிடோனியப் படை.

ரோமில் இதற்கு நேர் எதிர். கி.மு. 49-ல் சீசருக்கு ஒரு கணக்கு இருந்தது. படைத்தலைமையை விட்டுவிட்டுச் சாதாரண ஆளாக ஊருக்குள் வந்தால் எதிரிகள் வழக்குப் போட்டு ஒழித்துவிடுவார்கள். அவர்களும் அதை மறைக்கவில்லை. அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, படையோடு தாண்டக் கூடாத எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடே தாண்டினார். ஐந்நூறு வருஷக் குடியரசு அதோடு படுத்தது. பேராசைக்காரர் என்று அவரைத் திட்டலாம், தப்பில்லை. ஆனால் இறங்கிப் போக அவருக்கு ஒரு படிக்கட்டும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது குடவோலையைக் கொண்டு வருவார்கள், நானே முந்திக்கொள்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்பு (வார்டு மாதிரி), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கல். உலகத்துக்கே மக்களாட்சியைச் சொல்லிக் கொடுத்தோம் என்று மேடையில் முழங்குவார்கள். அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். கப்பலேறி இங்கே பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்க, வந்த என் கொள்ளுத்தாத்தாவின் ஆட்கள் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. ஆனால் அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பு வாரியத்தில் (நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி குடத்தில் ஓலை கிடையாது, அவன் நெருங்கிய உறவுக்கும் கிடையாது. எங்கள் கோயில் சட்டவிதியில் இதைச் சேர்க்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் மச்சான் மாமன் என்பதால் நிர்வாகத்துக்கே ஆள் கிடைக்காது என்று சிரித்தார்கள்.

ஜெர்மனியில் சாவி கைமாறியது ஒழுங்காகத்தான். 1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு 33 விழுக்காடு. 1933 ஜனவரி 30-ல் குடியரசுத் தலைவரே கூப்பிட்டுப் பதவி கொடுத்தார். வந்தவர் பூட்டை மாற்றிவிட்டார். மார்ச் 23-ல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரம், ஜூலை 14-ல் தன் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்ற சட்டம். ஆறே மாதம்! 1977-ல் இந்திரா காந்தி தோற்று இறங்கினார், 1980-ல் ஜெயித்து வந்தார். அவருடைய 21 மாத நெருக்கடி நிலையை நான் நியாயப்படுத்தவில்லை. இறங்கினால் திரும்ப ஏறலாம் என்ற கதவு அங்கே திறந்திருந்தது, அதைத்தான் சொல்கிறேன். பணக்கார நாட்டில்தான் மக்களாட்சி நிலைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. ஆடம் ஷெவோர்ஸ்கி என்ற அறிஞர் கணக்குப் போட்டு, 1975-ல் அர்ஜென்டினாவுக்கு இருந்த தலா வருமானத்துக்கு மேலே உள்ள நாட்டில் மக்களாட்சி விழுந்ததில்லை என்றார். இருக்கலாம். ஆனால் 1950-களின் இந்தியாவை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எப்போதோ விழுந்திருக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. மக்களாட்சி விழாமல் நிற்கும், ஆனால் ஒரு கூட்டத்தை வெளியே வைத்தே நிற்கும். இலங்கையில் 1931-லேயே எல்லாருக்கும் ஓட்டு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறேழு இடம் பிடித்தது. அது மலையகத் தோட்டத் தமிழரின் கட்சி; அவர்களும் நம்மைப் போலவே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவர்கள். 1948-ல் அவர்களில் பெரும்பாலோரை வெளியே தள்ளிய குடியுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. 1952-ல் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. நாடற்றவர் என்ற நிலைமையைத் தீர்க்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த இடைக்காலம் முழுக்க அங்கே தேர்தல் நடந்தது, ஆட்சியும் மாறி மாறி வந்தது.

இங்கேயும் என் பாட்டி சிவப்பு ஐசியோடுதான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டையோடுதான், செத்தார். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர், நாற்பது வருஷம் மரம் வெட்டியவர். வெளியே பிறந்தவர் மனுப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பத்திரம் குறைந்தது. தேர்தலன்று தமிழ்ப்பள்ளி வாசல் வரைக்கும் அம்மாவோடு போய், குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். 2013-ல்தான் முதல்முறை விரலில் மை வைத்தார்கள். அம்மாவின் விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்து, "கழுவுனா போவாதா?" என்று கேட்டார். நீண்ட காலம் நிலைத்த மக்களாட்சி என்று பட்டியல் போடுகிறவர்கள், யாருக்கு நிலைத்தது என்று இன்னொரு கட்டமும் போட வேண்டும்.

2018 மே 9, பொதுத்தேர்தல் ராத்திரி எங்கள் தெருவில் கிழவர் கிழவிகள் அரிசியும் சார்டின் மீன் டின்னும் வாங்கி வைத்திருந்தார்கள். 1969-ல் தேர்தல் முடிந்த கையோடு வந்த மே 13 இனக்கலவரம் அவர்களுக்கு மறக்கவில்லை. அப்போது நாடாளுமன்றமே 1971 பிப்ரவரி வரைக்கும் கூடவில்லை. இந்த முறை 61 வருஷம் ஆண்ட கூட்டணி தோற்றது, மறுநாள் ராத்திரி புதுப் பிரதமர் பதவியேற்றார், சார்டின் ஒரு மாதம் ஓடியது. பிறகு 2020-ல் தேர்தலே இல்லாமல் ஆட்சி மாறியது. துண்டறிக்கை அடிக்க வேலை இல்லை, அந்த வகையில் எனக்கும் நஷ்டம். கட்சி தாவினால் பதவி போகும் என்ற அரசியலமைப்புத் திருத்தம் 2022-ல் வந்தது. 2018-ல் தோற்ற பிரதமர் நஜிப் ஊழல் வழக்குகளைச் சந்தித்து அதே ஆண்டு சிறைக்குப் போனார். அப்படியானால் தாத்தா சொன்னது தப்பா? நீதிமன்றம் மூன்று கட்டமாக, நான்கு வருஷம் எடுத்துக் கேட்டது, அவர் கட்சி இன்றும் அரசாங்கத்தில் இருக்கிறது. பழிக்கும் கணக்குக்கும் நடுவே உள்ள கோடு அங்கேதான் எங்கோ போகிறது என்று நினைக்கிறேன்.

கோயில் கதை பாக்கி. தாத்தாவே போய்ப் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை பழைய தலைவர் சாவியும் மூன்று கணக்குப் புத்தகமும் கொண்டு வந்தார். 4,300 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது. மாதம் 200 வீதம் கட்டினார், ரசீது நான் எழுதினேன். அந்த ஆண்டுத் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றார்.

போன ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடித்தேன். பின்வரிசையிலிருந்து அவர் எழுந்தார். திருவிழா அழைப்பிதழ் அச்சுக்கூலி 680 வெள்ளி என்று இருக்கிறதே, வேறு எந்த அச்சகத்திலாவது விலை கேட்டீர்களா, செயலாளர் கடையிலேயே செயலாளர் அடிக்கலாமா என்று கேட்டார். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுத்தில் பதில் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் வாங்கியிருந்தேன். 680-ஐ 520 ஆக்கி, மிச்சத்தைத் திருப்பிக் கட்டிவிட்டேன்.