ஒன்பது உயிர், பதினெட்டுக் காது

(பதில் சொல்பவர் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஒரு மருத்துவக் கல்லூரியின் விலங்குக் கூடத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவர்.)

கேள்வி: டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரர் சோமனூர்ப் பக்கம் 22 வருஷம் விசைத்தறி ஓட்டினார். இப்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார். சந்தையில் ஒருவர் மூலிகைத் தைலம் விற்கிறார். எலிக்கு ஊற்றியதில் போன காது திரும்பிவிட்டதாம், ஆராய்ச்சியே நடந்திருக்கிறதாம். அவர் கொடுத்த தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?
— ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தைலம் நேராக நடுக்காதுக்குள் இறங்கிவிடும். இருக்கிற கொஞ்சமும் கெட்டுப்போகலாம்.

நம் ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை வாங்குகிற, நுனியில் மயிரிழை போன்ற இழைகள் உள்ள சுமார் 15,000 செல்கள் (முடிச்செல்கள்) இருக்கின்றன. தறிச் சத்தம் தினமும் அவற்றைத்தான் அடிக்கிறது. செத்த செல் நமக்கும் எலிக்கும் மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! 1980களில் அதைக் கண்டுபிடித்ததிலிருந்து, கோழிக்கு வாய்த்தது நமக்கு ஏன் வாய்க்கவில்லை என்று தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். எத்தனை எலி, ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு சத்தம் கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், ஒன்றும் இல்லை. எலியின் படம் மட்டும் அழகாக இருக்கிறது. கோயில் திருவிழாவில் கதினா வெடிக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது அடைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் தானே பெரும்பாலும் தெளிந்துவிடும். எலிக்கும் அப்படித்தான். தைலம் ஊற்றாத எலிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? பார்க்காவிட்டால், தானாகத் திரும்பிய காதுக்குத் தைலம் பெயர் வாங்கிக்கொள்ளும்.

அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கட்டும், அப்புறம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராம். தறியில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். சத்தத்தால் காது போவது தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: சித்தூரில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்காக விலங்குகளில் நடந்த ஆய்வுகளை வாசித்து, அவை எவ்வளவு முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன என்று மதிப்பெண் போடுவதுதான் என் புராஜெக்ட். விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் 'அரைவ்' (ARRIVE) என்ற பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியதற்கா மதிப்பெண்? செய்ததுதானே சார் முக்கியம்?
— ஒரு மாணவர்

பதில்: (நம் பாலக்காட்டுச் சித்தூர்தான். போன முறை இதைச் சொல்லாமல் விட்டதற்கு ஆந்திராச் சித்தூரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது.)

தம்பி, நீங்கள் கேட்டதையே நானும் முப்பது வயதில் கேட்டுக்கொண்டு திரிந்தேன். அப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

கிருமியைக் கொல்லப் போடும் ஜென்டமைசின் ஊசி காதைக் கெடுக்கும் என்பது தெரிந்ததுதான். அதைத் தடுக்குமா என்று ஒரு மருந்தைச் சோதித்தோம். 12 கினிப்பன்றிகளுக்கும் ஜென்டமைசின் ஊசி; கூடவே ஆறுக்கு அந்தத் தடுப்பு மருந்து, ஆறுக்கு வெறும் உப்புநீர். காது ஆய்வுக்குக் கினிப்பன்றி தோதான பிராணி. அதன் காக்லியா (உள்காதின் நத்தைச் சுருள்) நடுக்காதின் குமிழுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், எட்டுவது எளிது. மயக்கம் கொடுத்து, மூளைத்தண்டின் மின்அலைகளை வைத்துக் காது கேட்கிறதா என்று அளந்தோம். மயக்கத்திலேயே மூன்று செத்துப்போயின. மூன்றும் மருந்து கொடுத்தவை.

கட்டுரை அச்சில் வந்தபோது எண்ணிக்கை என்ன போட்டிருந்தது தெரியுமா? 18. மூன்று செத்த பிறகு எண்ணிக்கை எப்படிக் கூடும்? மிச்சம் ஒன்பது, ஆளுக்கு இரண்டு காது! ஊசி உடம்பில் போட்டது. ஒரே ரத்தம்தான் இரண்டு காதுக்கும் போகிறது. இடது கெட்டால் வலதும் கெடும். இரண்டையும் தனித்தனி சாட்சியாக நிறுத்தியது, ஒருவரையே இரண்டு சட்டை மாற்றிப் போட்டுக் கோர்ட்டில் ஏற்றுகிற மாதிரி. செத்த மூன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவை மருந்தால் செத்தனவா, ஏற்கெனவே நலிந்தவையா? நலிந்தவை போய்த் திடமானவை மட்டும் மிஞ்சினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தானே தெரியும்? படிப்பவருக்கு இந்தச் சந்தேகம் வரவே வழியில்லாமல் செய்துவிட்டோம்.

இன்னொன்று. எதற்கு மருந்து, எதற்கு உப்புநீர் என்று குலுக்கிப் போடவில்லை. கூண்டுக்குள் கைவிட்டு முதலில் சிக்கிய ஆறுக்கு மருந்து. முதலில் சிக்குவது எது? ஓடாதது, மந்தமானது. கூண்டு கழுவுகிற பையன்தான் இதை என்னிடம் சொன்னான். அவன் பெயரும் கட்டுரையில் இல்லை.

'அரைவ்' பிரிட்டனில் 2010இல் வந்தது. முதலில் 20 அம்சம். 2020இல் திருத்தி 21 ஆக்கி, அதில் 10ஐக் கட்டாயம் என்று முன்னே வைத்தார்கள். முதல் பட்டியல் வருவதற்கு ஒரு வருஷம் முன், 2009இல், பிரிட்டன், அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த 271 ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். 87 சதவீதத்தில் குலுக்கல் பற்றிப் பேச்சில்லை. அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் மறைத்ததாக 86 சதவீதத்தில் இல்லை. வெள்ளைக்காரர்களும் கைக்குச் சிக்கியதைத்தான் பிடித்தார்களோ என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பட்டியலில் டிக் அடிப்பதோடு நிற்காதீர்கள். காதுக்கென்றே சில கேள்விகள் உண்டு. 'பிளாக் சிக்ஸ்' என்று ஆய்வகத்தில் கூப்பிடும் கறுப்புச் சுண்டெலிக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு. சில மாதத்திலேயே கீச்சு ஒலிகள் கேட்காமல் போகத் தொடங்கும். எலியின் ரகமும் வயதும் எழுதாத கட்டுரையில், காதைக் கெடுத்தது சத்தமா பிறப்பா என்று யார் சொல்வது? மயக்கத்தில் உடம்பு குளிர்ந்தால் மின்அலை தாமதமாக வரும். அடியில் சூட்டுப் பலகை வைத்தார்களா, உடல்வெப்பம் எவ்வளவு என்று ஒரு வரி வேண்டும். எங்களுக்கு மார்கழியில் பாதி, பங்குனியில் பாதி அளவு நடந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊரில் அதன் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மாதத்தையும் எழுதவில்லை, வெப்பத்தையும் எழுதவில்லை. சரி, அந்த அலைகளை இன்று யார் நம்புவது?

ஒரு எச்சரிக்கை: எழுதாததெல்லாம் செய்யாதது ஆகாது. குலுக்கிப் போட்டுவிட்டு எழுத மறந்தவரும் உண்டு. உங்கள் அட்டவணையில் 'செய்யவில்லை' என்று போடாமல் 'சொல்லவில்லை' என்று போடுங்கள்.

கேள்வி: காது மருந்துக்காக வாயில்லா ஜீவன்களைக் கொல்வது பாவமில்லையா?
— ஒரு தமிழாசிரியை, கோவிந்தாபுரம்

பதில்: அம்மா, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று மேற்பார்வைக் குழு இருக்கிறது. அனுமதியில்லாமல் ஊசி போட முடியாது. பாவமா என்பதைப் பெரியவர்கள் சொல்லட்டும். கினிப்பன்றி தீவன வண்டியின் சத்தம் கேட்டால் விசிலடிக்கும். எங்கள் கூடத்தில் அந்த ஊசிகளுக்குப் பிறகு சில கூண்டுகளில் விசில் நின்றுபோனது. அந்த 12இல் செத்தவை 4, 7, 11. ரெஜிஸ்டரில் நான்தான் சிவப்பு மையில் எழுதினேன், கட்டுரையில்தான் இல்லை. பிற்பாடு வேறொரு கல்லூரியில் அதே மருந்தை எங்கள் 18ஐ நம்பி இன்னொரு தடவை சோதித்தார்கள், புதிய கினிப்பன்றிகளை வைத்து.