பதில்: அப்பாவின் சொரியாசிஸும் மறுக்கப்பட்ட டிசபிலிட்டி பென்ஷனும்

வணக்கம். தொண்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அப்பா 2016இல் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், லடாக்கில் இருக்கும்போது சொரியாசிஸ் என்ற தோல் நோய் வந்தது, ஓய்வின்போது உடல்நிலையைப் பார்க்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு உடல் பாதிப்பு 20 சதவீதம் என்று போட்டுவிட்டு ‘பணியால் வந்ததல்ல’ என்று எழுதியதால் டிசபிலிட்டி பென்ஷன் (உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம்) இல்லை. "கடற்கரைக்காரருக்கு உப்புத்தண்ணியில் வந்த சொறி" என்று யாரோ சொன்னதற்காக விட்டுவிடாதீர்கள். சொரியாசிஸ் நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறு. கடுங்குளிரும் மன அழுத்தமும் அதைக் கிளறிவிடும்.

முதலில் போர்டு அறிக்கையின் நகல் வேண்டும். கையில் இல்லையென்றால் அப்பா பெயரிலேயே அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கும். அதுதான் உங்கள் பிடி. இதே மாதிரி பென்ஷன் மறுக்கப்பட்ட ராணுவ வீரர் தரம்வீர் சிங்கின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் போர்டு காரணம் காட்ட வேண்டும். (டிசபிலிட்டி பென்ஷனுக்கு 2023 செப்டம்பரில் வந்த புது விதிகள் அதன்பின் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான்.)

அப்புறம், மேல்முறையீட்டுக்கான ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டதே என்று கலங்க வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் எழுதி மனு கொடுங்கள். அங்கேயும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகமும் லடாக்கில் சிகிச்சை பெற்ற சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.