பழைய பேட்டரியை உடைத்து வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாமா?

கேள்வி: வீச்சு வலைக்கு ஈயக்குண்டு கடையில் வாங்கினால் கட்டுபடியாகவில்லை. நானே வார்க்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பழைய ஆட்டோ பேட்டரி இரண்டு கிடக்கின்றன. உடைத்து உருக்கலாமா? கூடாது என்றால் ஈயத்துக்கு எங்கே போவது?

பதில்: பேட்டரியில் கை வைக்காதீர்கள். அமிலம் பட்டால் வெந்துபோகும் என்பது மட்டும் காரணமில்லை. தகட்டில் அப்பியிருப்பது உலோகமே அல்ல. ஈய ஆக்சைடும் சல்பேட்டும் கலந்த பசை. அடுப்பில் வைத்தால் அது ஈயமாக உருகாது. காய்ந்து பொடியாகிக் காற்றில் கலந்து, உங்கள் மூச்சிலும் வீட்டுத் திண்ணையிலும்தான் போய் உட்காரும். தகட்டுச் சட்டத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் எல்லாம் கலந்திருக்கும்; அதை உருக்கி எடுத்த கழிவில் ஈரம் பட்டால் ஆர்சின் என்ற கொடிய வாயு கிளம்பலாம். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கடைக்காரரே விலையில் கழித்துக்கொள்வார். அந்தக் காசில் நல்ல ஈயம் வாங்குங்கள்.

நல்ல ஈயம் எது? நம் ஊரில் ‘ஈயம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயம். வலைக்கு வேண்டியது காரீயம். பாட்டி காலத்துச் சொம்பைக் குண்டாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்தச் சொம்பை விற்றிருந்தால் கடைக் குண்டே வேண்டிய மட்டும் வாங்கியிருப்பார். போதாக்குறைக்கு, வெள்ளீயம் எடையும் குறைவு: ஒரு கன சென்டிமீட்டர் 7.3 கிராம்தான், காரீயமோ 11.3 கிராம்.

காயலான் கடையில் சோதிப்பது எளிது. ஆணியால் கீறுங்கள். காரீயம் வெண்ணெய்போல வழிவிட்டு உள்ளே பளபளக்கும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். தாளில் தேய்த்தால் பென்சில்போல் சாம்பல் கோடு விழும் (கையை அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்). வளைத்தால் சத்தமில்லாமல் மடங்கும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நொறநொறவென்று முனகும்.

வீல் பாலன்சிங் கடையில் கழற்றிப்போடும் எடைக்கட்டிகளைப் பலரும் தேடிப் போகிறார்கள். அதில் இப்போது இரும்பும் துத்தநாகமும் கலந்து வருகின்றன. இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாகத்தைக் கட்டிங் பிளேயரால் கடித்தால் பல் இறங்காது. அது கொஞ்சம் கலந்தாலும் சட்டியில் உள்ளது கஞ்சிபோல் கெட்டியாகி அச்சில் ஓடாது. காரீயம் உருகுவது 327 டிகிரியில், துத்தநாகம் 419-இல். அதனால் தீயை அடக்கி வைத்தால் தப்பி வந்த துத்தநாகம் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி, அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டா வார்ப்பவர்கள் போட்டவை. அவர்களுக்கு ஆன்டிமனி கலந்த கடினமான ஈயம் பிடிக்கும். பழைய அச்சகத்து எழுத்துகளும் அந்த ரகம்தான். உங்களுக்கு அது ஆகாது. கயிற்றில் வைத்து நசுக்கினால் விரிசல் விட்டு உடைந்துவிடும்.

நான் தேடச் சொல்வது தகட்டு ஈயம். ஸ்கேன் சென்டர் இடிக்கும்போது எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரிக்கிற தகடு கிட்டத்தட்ட சுத்தமான, மென்மையான காரீயம். அது கிடைத்தால் உருக்கவே வேண்டாம்! 2 மி.மீ. தகட்டில் 2 சென்டிமீட்டர் சதுரம் வெட்டினால் 9 கிராம். அடிக்கயிற்றைச் சுற்றி மடித்து, மரச்சுத்தியலால் இரண்டு தட்டு. வேலை முடிந்தது. புகை இல்லை, அச்சு இல்லை. பழைய தொலைபேசி கேபிளின் உறையும் இதற்கு ஏற்றதுதான், ஆனால் யார் விற்கிறார்கள் என்று பாருங்கள். திருட்டுக் கேபிள் என்றால் வம்பு உங்கள் வாசலுக்கு வரும்.

மூன்று இதழ் கதிர்வீச்சுச் சின்னம் உள்ள கனத்த ஈயப் பெட்டியோ உருளையோ கண்ணில் பட்டால் விலகிவிடுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்தில் வந்த பழைய ஆய்வுக் கருவியைப் பிரித்ததில் உள்ளிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளிப்பட்டு, ஒருவர் இறந்தே போனார்.

சரி, வார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் திறந்த வெளியில், கனத்த இரும்புச் சட்டியில் செய்யுங்கள். அலுமினியம் வேண்டாம், சூட்டில் அடி விட்டுவிடும். அந்தச் சட்டி இனி சமையலறைக்குள் வரக்கூடாது. அடுப்பைச் சிவக்க எரிக்காதீர்கள், சூடு ஏற ஏற ஈயப்புகையும் கூடும். உருகியதும் துளி மெழுகு போட்டுக் கிளறினால் அழுக்கு மேலே திரளும். மெழுகு குப்பென்று பற்றும், முகத்தை நீட்டாதீர்கள். அச்சுக்கு மாக்கல் குடைந்தது போதும், சூடு தாங்கும். 12 மி.மீ. உருண்டை ஒன்று ஏறக்குறைய 10 கிராம் வரும்.

என் முன்கையில் மூன்று வெள்ளைத் தழும்புகள் உண்டு. பழைய வலையிலிருந்து கழற்றிய குண்டு வெளியே உலர்ந்துதான் இருந்தது. துளைக்குள் சொட்டு ஈரம். உருகிய ஈயத்தில் போட்டதும் அது நீராவியாகி ஈயத்தைக் கூரைவரை எற்றிவிட்டது. பழைய குண்டுகளைக் குளிர்ந்த சட்டியில் முதலிலேயே போட்டு, ஈயத்தோடு சேர்த்துச் சூடேற்றுங்கள். நடுவில் எதையும் சேர்க்காதீர்கள்.

உருகிய ஈயத்தின் மேலிருந்து வழித்த சாம்பல் பொடிதான் இருப்பதிலேயே மோசம். விளக்குமாறு போடாமல், எல்லாம் நன்றாக ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பேட்டரி எடுக்கும் மறுசுழற்சியாளர் வாங்கிக்கொள்வார். வார்த்த சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். அப்புறம், தூண்டில் நரம்பில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிற பழக்கம் இருந்தால், ஒரு சின்னக் குறடு வாங்கிக்கொள்ளுங்கள்.